சரம் முந்தி வெடித்த ஆட்டம்

காலையில் என் வேனில் ஏறுகிற பெண்கள் எல்லாரும் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து வெடி ஆபீஸ்களில் வேலை பார்க்கிறவர்கள். ஆபீஸ் என்றால் பட்டாசு செய்கிற இடம். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வழக்கமாக வேனில் மழை, மருமகள், ரேஷன் கடை என்று பேச்சு போகும். அந்த மாசி முழுவதும் ஒரே பேச்சுதான். என் மகள் ஒண்ணில் நிற்க வேண்டுமா, ரெண்டில் நிற்க வேண்டுமா.

மகள் விருதுநகரில் கல்லூரி கடைசி வருஷம். கூடைப்பந்து ஆடுகிறாள். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, நீ அங்கே போ, நீ இங்கே வா என்று சொல்லிக் கொடுக்கிறவள் ஒண்ணு. அதற்குப் பாயிண்ட் என்றும் பெயர். ஓரத்தில் போய் நின்று, பந்து வந்ததும் தூரத்திலிருந்து வளையத்தில் போடுகிறவள் ரெண்டு. மகள் இரண்டும் ஆடுவாள். அதுதான் தகராறு.

அவள் ஆடுகிற ஆட்டத்தை யாராவது போனில் காட்டுவார்கள். வேன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. படம் மட்டும் பார்ப்பார்கள்.

கடைசி சீட்டில் உட்காருகிற மதினி என் பெரியப்பா மகனுடைய மனைவி. வெடிச் சரம் பின்னுகிற வேலை. கையும் வாயும் ஒரே வேகம். அவள்தான் ஆரம்பிப்பாள்.

"ரெண்டுலதான் நிக்கணும். சமைச்சவளை யாருத்தா பாத்தா? பரிமாறுறவளைத்தான் நல்லாருக்குன்னு சொல்வாக."

"போங்க மதினி. ஒண்ணு இல்லைன்னா பந்தே வராது. பெறகு எதைப் பரிமாறுவீக, காத்தையா?"

"வராட்டி ஓடிப்போயி எடுத்துக்கிட வேண்டியதுதான்."

"எடுக்கதுக்கு அது என்ன கொளாயடிக் குடமா?"

சிரிப்பார்கள். என் மனைவி முன் சீட்டில் இருப்பாள். சிரிக்க மாட்டாள். நானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. ரயில்வே பெண்கள் டீமுக்கு அந்த வருஷம் ஆள் எடுத்தார்கள். சிவகாசியில் நடக்கிற போட்டியைப் பார்க்க அவர்களுடைய ஆள் ஒருவர் வருகிறார் என்று கல்லூரி பயிற்சியாளர் சொன்னார். பிடித்தால் கேம்ப். கேம்ப்பில் எடுத்தால் வேலை. பிடிக்கவில்லை என்றால் படிப்பு முடிந்ததும் ஆட்டமும் முடிந்தது. கல்லூரி இல்லாமல் டீம் இல்லை. என் மனைவி தன் ஆபீஸ் போர்மேனிடம் மகளுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். பேக்கிங்கில் ஓர் இடம். பி.காம். முடித்த பிள்ளைகள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் மனைவி வேலை பார்ப்பது வெடிமருந்து செலுத்துகிற ரூமில். மகள் பேக்கிங்கில் இருந்தால் அந்த ரூம் வரைக்கும் வர வேண்டியதில்லை என்பது அவள் கணக்கு. வேன் ஓட்டுகிறவன் வேறு என்ன இடம் சொல்ல முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியாளர் என்னை விருதுநகருக்கு வரச் சொன்னார். பரோட்டா கடையில் உட்கார்ந்தோம். என் மச்சினனும் வந்திருந்தான். மனைவியின் தம்பி. வத்தல் மண்டியில் எடை போடுகிறான். அந்தக் காலத்தில் மில் டீமில் ஆடினவன். மகளுக்கு முதல் பந்து வாங்கிக் கொடுத்தது அவன்தான். அதனால் பேச உரிமை உண்டு என்று நினைப்பு. உண்டுதான்.

மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சியாளர் மேஜையில் இருந்த தம்ளர்களை நகர்த்தி வைத்தார். "இந்தா பாருங்கண்ணே. உங்க பிள்ளை அஞ்சடி நாலங்குலம். பெரிய டீம்ல ரெண்டுல நிக்கிற பிள்ளைக இவளை விட ஒரு சாண் கூட. இவளை அங்கன யாரு எடுப்பா? பாயிண்ட்னா உயரம் பாக்க மாட்டாக. கண்ணைப் பாப்பாக. எல்லாரையும் ஒரே நேரத்துல பாக்குதா, அதான் கேள்வி."

மச்சினன் ஒரு தம்ளரைத் தன் பக்கம் இழுத்தான். "சார், கண்ணையா பாப்பாக? போர்டைப் பாப்பாக. எம்புட்டு பாயிண்டு போட்டான்னு பாப்பாக. இவ பாஸ் குடுத்து இன்னொருத்தி போட்டா, அந்த இன்னொருத்திக்கு வேலை. இவளுக்கு என்ன? நல்லா குடுத்தம்மான்னு முதுகுல ஒரு தட்டு."

"பாஸ் குடுத்ததையும் எழுதுவாகய்யா."

"எழுதுவாக சார். எவன் படிக்கிறான்?"

"சரி, ரெண்டுல நிறுத்துதேன்னு வையி. அவங்க ரெண்டை இவதான தடுக்கணும்? தலைக்கு மேல போட்டுட்டுப் போயிருவா. பத்துப் போட்டு இருபது விட்டா அவுக சிரிச்சுட்டுப் போயிருவாக."

"தடுக்கிறதுக்கு வேற ஆளைப் போடுங்க. கையில வித்தை இருக்க பிள்ளையைப் பந்து சொமக்க வுட்டுட்டு..."

"சொமக்கவா? ஏய்யா, நீ மண்டியில மூடை பாத்துப் பாத்து எல்லாம் சொமையாத் தெரியுது ஒனக்கு."

மச்சினனுக்கு முகம் கறுத்தது. என்னைப் பார்த்தான். "மச்சான், நீங்க சொல்லுங்க. பெத்தவரு நீங்க."

"பரோட்டா ஆறுது" என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் மகளும் நானும் தனியாக நின்றோம். அவளுக்கு ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். எனக்கு ஊருக்கு.

"நீ என்னத்தா நெனைக்க?"

"ஒண்ணுல நின்னா எல்லாரையும் பாக்கணும்ப்பா. ரெண்டுன்னா வளையத்தை மட்டும் பாத்தாப் போதும்."

"எது பிடிக்கும்?"

"போடுறதுதான். கையை விட்டுப் பந்து போறப்பயே தெரியும்ப்பா, விழும்னு." பஸ் வருகிற பக்கம் பார்த்தாள். "வேலை வேணும்ல."

என் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

போட்டியின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மகளுடைய கல்லூரிக்கும் சென்னை டீம் ஒன்றுக்கும். வேனில் வருகிற பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பூ வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. மதினி மடியில் ஒரு பெரிய சுருள். ஐயாயிரம் வெடி சரம். அவள் முதலாளி கொடுத்தது. "நம்ம ஆபீஸ் பிள்ளை செயிச்சா வெடிங்க" என்றாராம்.

எங்கள் பக்கம் எதற்கும் வெடி உண்டு. சடங்கு, சாவு, தேர்தல், பரீட்சை முடிவு. சிவகாசியில் ஆட்டம் ஜெயித்தாலும் உண்டு. சுவர் ஓரமாகச் சரத்தை விரித்து வைத்துவிட்டுத்தான் பார்க்க உட்காருவார்கள். அன்றைக்கும் வளையத்துக்குப் பின்னால், மூலையில், மதினி விரித்து வைத்தாள். கையில் ஊதுபத்தி பொருத்திக்கொண்டாள்.

"ஆட்டம் முடிஞ்சு ஆரன் அடிச்ச பெறகுதான் மதினி" என்றேன்.

"எனக்குத் தெரியாதா கொழுந்தனாரே? நீங்க அங்கிட்டுப் பாருங்க."

ரயில்வே ஆள் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி. மடியில் வறுத்த கடலைப் பொட்டலம். ஒவ்வொன்றாக உரித்துத் தின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் ஆட்டத்தைப் பார்த்ததை விட அந்தக் கையைத்தான் அதிகம் பார்த்தேன். மகள் பந்தோடு வரும்போது கை நிற்கிறதா என்று.

நிற்கவில்லை.

முதல் பாதியில் மகளைப் பாயிண்ட்டில் நிறுத்தினார் பயிற்சியாளர். அவள் நன்றாகத்தான் கொடுத்தாள். வாங்கினவர்கள் தவறவிட்டார்கள். ஒரு பந்து வளையத்தில் சுற்றிச் சுற்றி வெளியே விழுந்தது. மச்சினன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "நீ போடு தாயி! குடுக்காத, நீயே போடு!" பயிற்சியாளர் திரும்பி அவனை முறைத்தார். சென்னை டீமில் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். சடையைத் தூக்கிக் கட்டினவள். பாதிப் புள்ளிகள் அவள் போட்டதுதான். எட்டுப் புள்ளி பின்னால் இருந்தோம்.

இடைவேளை முடிந்து மகளை ரெண்டில் நிறுத்தினார்கள். வலது மூலையிலிருந்து போட்டாள். விழுந்தது. மறுபடியும் விழுந்தது. மச்சினன் பயிற்சியாளர் காதில் விழுகிற மாதிரி, "நான் என்ன சொன்னேன்?" என்றான். அடுத்த நிமிஷம் நெட்டைப் பெண் என் மகள் தலைக்கு மேல் போட்டாள். பயிற்சியாளர் திரும்பாமலே, "நான் என்னய்யா சொன்னேன்?" என்றார்.

வெள்ளைத் தொப்பிக்காரர் கடலை உரித்தார்.

அவர்கள் போட, நாங்கள் போட என்று போய், கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பந்தும் எங்களுடையது. ஓரத்திலிருந்து உள்ளே எறிய வேண்டும். அந்த நேரத்தில் சென்னைப் பக்கம் ஆள் மாற்றக் கேட்டார்கள். புள்ளி எழுதுகிற மேஜையில் இருந்தவர் ஆரன் அடித்தார்.

ஆள் மாற்றுவதற்கும் அதே ஆரன்தான். இதுவரை வேனில் போனில் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும். ஆபீஸில் ஆரன் அடித்தால் அன்றைக்கு வேலை முடிந்தது. அவர்களுக்குத் தெரிந்த ஆரன் அதுதான்.

நான் திரும்புவதற்குள் மதினி குனிந்து நிமிர்ந்துவிட்டாள். திரி சீறுவது எனக்குத் தெரிந்தது. நடுவருக்குத் தெரியவில்லை. பந்தைக் கொடுத்துவிட்டார். உள்ளே எறிந்ததை மகள் வாங்கினாள். இரண்டு பேர் மறித்து வந்தார்கள். மூலையில் எங்கள் பிள்ளை ஒருத்தி தனியாக நின்றாள். மகள் அவளுக்குக் கொடுத்தாள். சரியான பாஸ்.

சரம் வெடித்தது.

மூலையில் நின்ற பிள்ளை தேனிப் பக்கம். வெடிக்குப் பழக்கம் இல்லை. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பந்து அவள் தலைக்கு மேல் போய்ச் சுவரில் மோதி, வெடிக்கிற சரத்துக்குள் விழுந்தது.

நடுவர் விசில் ஊதுவது தெரிந்தது. கன்னம் உப்பியிருந்தது. சத்தம் கேட்கவில்லை. கையை உயர்த்தினார். எல்லாரும் நின்றார்கள். சரம் பற்றிவிட்டால் நிறுத்த முடியாது. முழுவதும் வெடித்துத்தான் தீரும். ஊரே நின்று அதைப் பார்த்தோம். ஐயாயிரம் என்பது எவ்வளவு நேரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புகை ஆடுகளத்தை மூடியது. வெள்ளைத் தொப்பிக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

சத்தம் ஓய்ந்ததும் மச்சினன் குரல்தான் முதலில் வந்தது. "எவம்லே பத்த வச்சது?"

மதினி கையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"ஆரன் அடிச்சுச்சுல்ல..." என்றாள்.

பயிற்சியாளர் மேஜைக்கு ஓடினார். "பந்தை எங்களுக்குத் திருப்பிக் குடுங்க சார். வெடியிலதான பிள்ளை குனிஞ்சா?"

நடுவர், "அது உங்க ஊரு வெடிதான சார்? அவங்க சென்னையிலிருந்தா கொண்டுவந்தாங்க?" என்றார். கை சென்னைப் பக்கம் காட்டியது. பந்து அவர்களுக்கு.

மச்சினன் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். "போச்சு. ஒண்ணும் போச்சு, ரெண்டும் போச்சு. பந்தை விட்டது அவ பேருலதான் ஏறும்."

என் மனைவி அவனைப் பார்க்கவில்லை. புகைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை என் சட்டை முனையைப் பிடித்திருந்தது. பிடித்தது அவளுக்குத் தெரிந்திருக்காது.

புகை இறங்கக் காத்திருந்தார்கள். மகள் பயிற்சியாளரிடம் போனாள். நெட்டைப் பெண்ணைக் கையால் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார், கூடாது என்று. மறுபடியும் காட்டினாள். அவர் ஏதோ சொன்னார். இவள் நகரவில்லை. அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்ன சொன்னாள் என்று பிறகு அவரே சொன்னார். "சார், அவளை நான் பாத்துக்கிடுதேன். பந்தை நான் பாக்கவே மாட்டேன்."

மிச்சம் இருந்தது இருபது செகண்டுக்குக் கொஞ்சம் கூட.

ஆட்டம் தொடங்கியது. மகள் பந்து இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். நெட்டைப் பெண்ணின் முகத்துக்கு நேராக. அவள் இடது பக்கம் ஓடினாள். இவளும். திரும்பினாள். இவளும். ஒரு பெண் குறுக்கே நின்று மறித்தாள். மகள் அவளைச் சுற்றிப் புகுந்து மறுபடி முன்னால் வந்து நின்றாள். பந்து மேலே போனது, கீழே போனது. ஒரு தடவையும் மகள் தலை திரும்பவில்லை. நெட்டைப் பெண் கையைத் தூக்கிப் பந்து கேட்டாள். அந்தக் கைக்கு முன்னால் இன்னொரு கை. கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். கொடுக்க வழி இல்லை.

மேஜைப் பக்கம் விரலால் எண்ணிக் காட்டினார்கள். வேறு வழி இல்லாமல் வேறு ஒருத்தி தூரத்திலிருந்து போட்டாள். பந்து வளையத்தில் பட்டது. மேலே எழும்பியது. மறுபடி பட்டது. வெளியே விழுந்தது.

ஆரன் அடித்தது.

எங்கள் பக்கம் ஒருவரும் அசையவில்லை. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். மதினி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"இப்ப முடிஞ்சிருச்சா கொழுந்தனாரே?"

"முடிஞ்சிருச்சு."

"செயிச்சுட்டமா?"

"ஆமா."

வெடிக்க ஒன்றும் இல்லை. கை தட்டினார்கள். சிவகாசியில் வெடி இல்லாமல் ஜெயித்த டீம் அதற்கு முன்னால் இருந்திருக்காது.

வெள்ளைத் தொப்பிக்காரர் எழுந்து சட்டையில் இருந்த கடலைத் தோலைத் தட்டினார். எங்களிடம் வந்தார். பயிற்சியாளர், மச்சினன், நான் வரிசையாக நின்றோம்.

"அந்தக் குட்டைப் பொண்ணு எந்த இடம் ஆடுது?"

"பாயிண்ட்" என்றார் பயிற்சியாளர். "ரெண்டு" என்றான் மச்சினன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அவர் இரண்டு பேரையும் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இருக்கு, ரெண்டும் இருக்கு. எல்லாருக்கும் பந்து வேணும். பந்து வேண்டாம்னு அடுத்தவளைக் கட்டிப்போடுற ஆளு இல்லை. திருச்சி கேம்ப்புக்கு அனுப்புங்க. எடுக்கிறதும் எடுக்காததும் அங்கதான் முடிவு."

பயிற்சியாளர் தயங்கினார். "சார், அந்த வெளிய போன பந்து..."

"வெடிச்சப்ப நானே நாற்காலிக்கு அடியில ஒளிய இடம் பாத்தேன் சார்" என்றார். போய்விட்டார்.

மகள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டி நேராக மதினியிடம் போனாள். "பெரியம்மா, பத்தியை அணைங்க. சேலையில பட்ரும்" என்றாள். மதினி அப்போதுதான் அதைக் கீழே போட்டு மிதித்தாள்.

மகள் திருச்சி போனாள். கேம்ப்பில் போன் வாங்கி வைத்துவிடுவார்களாம். சேதி இல்லை.

வேனில் ஒண்ணும் ரெண்டும் நின்றுபோயின. மதினி கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்து இறங்குவதோடு சரி. பேச்சு இல்லை. இறங்கும்போது மட்டும் கதவுப் பக்கம் நின்று கேட்பாள். "சேதி உண்டா?" இல்லை என்று தலையாட்டுவேன். போய்விடுவாள். போர்மேன் என் மனைவியிடம் கேட்டார். பேக்கிங்கில் இடம் காலியாகிவிட்டது, வேறு ஆள் வைக்கவா என்று. "கொஞ்ச நாள் பொறுங்க" என்றிருக்கிறாள். வருகிறாள் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, தாயில்பட்டி விலக்கு தாண்டும்போது ஒரு சத்தம். ஒற்றைச் சத்தம். சரத்துக்கு எங்கள் ஆட்கள் பயப்பட மாட்டார்கள். ஒற்றைச் சத்தத்துக்குத்தான். ஏதாவது ஆபீஸில் ரூம் வெடித்தால் அப்படித்தான் கேட்கும். வேனை ஓரமாக நிறுத்தினேன். எல்லாரும் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள், எந்தப் பக்கம் புகை என்று. புகை இல்லை. எதிரே பைக்கில் வந்த ஒருவன், "கல்குவாரி வெடிதான் அக்கா, கல்குவாரி" என்று சொல்லிவிட்டுப் போனான். யாரும் பெருமூச்சு விடவில்லை. என் மனைவி, "எடுங்க, நேரமாச்சு" என்றாள். வண்டியை எடுத்தேன். அவள் கை மறுபடி என் சட்டை முனையில் இருந்தது.

போன் வந்ததும் ஒரு காலையில்தான். ஆபீஸ் வாசலுக்கு வேன் வந்துவிட்டது. ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, எடுத்துட்டாக."

"சரித்தா."

"அம்மா அங்கன இருக்காளா?"

போனை ஸ்பீக்கரில் போட்டேன். இறங்கினவர்கள் எல்லாரும் திரும்பி வந்து ஜன்னலைச் சுற்றி நின்றார்கள். மதினிதான் கேட்டாள், அத்தனை நாள் கழித்து.

"ஏத்தா, ஒண்ணா ரெண்டா?"

"பெஞ்சு பெரியம்மா."

"என்னது?"

"பெஞ்சுல உக்காந்திருக்கணும். கடைசில, அவங்க ஆளை யாராவது பிடிச்சு நிறுத்தணும்னா இறக்குவாக."

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். மதினி யோசித்தாள்.

"உக்காந்திருந்தாலும் சம்பளம் உண்டா?"

"உண்டு பெரியம்மா. வேலையே உண்டு. முதல்ல ரெண்டு வருஷம் பாத்துட்டு நிரந்தரம் பண்ணுவாக."

"பெறகென்ன? நாங்களும் நாள் முச்சூடும் உக்காந்துதான் பின்னுதோம்."

ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த வேனில் சிரிப்பு கேட்டது. என் மனைவி சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாசலில் போர்மேன் நின்றிருந்தார். அவரிடம் போனாள். நான் வண்டியைத் திருப்புகிற போது அவள் சொன்னது காதில் விழுந்தது.

"அந்த எடத்துக்கு வேற ஆளு போட்டுக்கோங்க. அவ வரல."